இடப்பக்கத்து வெயில்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இன்று என் கையில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். பார்க்கக் கடிகாரம் மாதிரிதான், மணி காட்டாது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண். என்மேல் விழுகிற வெயிலை நாள் முழுக்க அது அளக்குமாம். அளவு தாண்டப் போகிறது என்றால் விர்ரென்று அதிரும். போனில் பார்த்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அன்றைய நிலவரம் தெரியும்.

எனக்கு லூபஸ் வந்து ஏழு வருடம் ஆகிறது. என் உடம்பே என்னை எதிரி என்று நினைத்துக் கடிக்கிற நோய். வெயில் பட்டால் கிளம்பும். திருச்சியில் குடியிருப்பவளிடம் வெயில் படாதே என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? அதற்குத்தான் இந்தப் பட்டை. இதைக் கட்டினால் எங்களைப் போன்றவர்கள் ஒழுங்காகக் குடை பிடிக்கிறோமா, கிரீம் பூசுகிறோமா என்று ஓர் ஆராய்ச்சி. டாக்டர் மெஹருன்னிசா என் பெயரையும் சேர்த்துவிட்டார்.

கட்டிவிட்ட பெண்ணின் பெயர் ஹரிப்பிரியா. கல்லூரி முடித்து இரண்டு வருடம்கூட இருக்காது.

"என்ன வேலைக்கா பாக்குறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல்ல கார் சொல்லித் தர்றேன்."

"அப்ப பாதி நாள் கார்லதான். ஜன்னல் பக்கம் எந்தக் கைக்கா வரும்?"

"வலது" என்று கையை நீட்டினேன்.

"இதுலயே இருக்கட்டும். கை மாத்திக் கட்டாதீங்க, கணக்கு குழம்பிடும்."

மாற்ற மாட்டேன் தாயே என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் சொன்னதை எழுதாமல் இந்தப் பக்கத்தை மூட முடியாது. நவம்பரிலிருந்து நோய் அடங்கியிருக்கிறதாம். ஆறு மாதம் தொடர்ந்து அடங்கியிருந்தால் குழந்தைக்கு முயற்சி செய்யலாமாம். "இன்னும் ரெண்டு மாசம்தான் பிலோமினா. வெயில்ல மட்டும் ஆடாதீங்க" என்றார். எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. எனக்குக் குழந்தை வேண்டும். அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி

காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. எங்கள் தொழிலில் ஒரு வசதி: ஒருவர் ஓட்டிக்கொண்டே அடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போவார். அங்கே சீட் மாறும். இவர் பின்னால், அவர் முன்னால். நான் மட்டும் மதியம் ஒன்று வரை இறங்காமல் இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். வாயில் ஓயாத கத்தல்.

ஏ.சி. போடக் கூடாது என்பது முதலாளி சிங்காரவேலு அண்ணனின் சட்டம். கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவில் முழங்கையை ஊன்றிக்கொள்வேன். ஆட்டோக்காரர்கள் இடித்துக்கொண்டு வந்தால் கையை வெளியே நீட்டிக் கதவில் ரெண்டு தட்டு தட்டுவேன். புது ஆள் ஓட்டுகிறார், ஒதுங்கு என்று அர்த்தம். பாலக்கரை ஆட்டோ ஸ்டாண்டில் அந்தத் தட்டு எல்லோருக்கும் தெரியும்.

பட்டை ஒரு தடவைகூட அதிரவில்லை. நாள் முழுக்கப் பச்சை.

மார்ச் 9, திங்கள்

பச்சை.

மார்ச் 14, சனி

பத்து நாளாகப் பச்சை! கடமை தவறாத பெண் என்று ஹரிப்பிரியா போனில் பாராட்டினாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். பத்தரை மணிக்கு இரண்டாவது தடவை பூச வேண்டிய கிரீமை இந்த வாரம் பூசவில்லை. வியர்வையில் கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. அதுதான் பச்சை காட்டுகிறதே, பிறகெதற்கு?

இடது முழங்கையில் இரண்டு சிவப்புத் திட்டு. புது சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பழையதற்கே மாற வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

கோமதிநாயகம் சாருக்கு இன்று எட்டாவது வகுப்பு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்திரண்டு. கிளட்சை அவர் மிதிக்கிற அழகைப் பார்த்தால் தையல் மிஷின்காரர் தோற்றார். வேகத்தடையைக் கண்டால் வண்டியை நிறுத்தி, யோசித்து, பிறகு ஏறுவார்.

"மேடம், ஏற வரும்போதே பாத்தேன், உங்க இடது காது ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"சார், என் காதைப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க."

இடப்பக்கமாகவே படுத்துத் தூங்குகிறேன், அதனால்தான். கன்னமும் அந்தப் பக்கம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. தலையணை உறையை வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். நாளையிலிருந்து வலப்பக்கம் படுக்க வேண்டும்.

சோர்வாக இருக்கிறது. மார்ச்சில் யாருக்குத்தான் சோர்வு இல்லை?

மார்ச் 27, வெள்ளி

டாக்டரைப் பார்க்கும் நாள். கன்னத்துக்குப் பவுடர் பூசி, முழுக்கைச் சட்டை போட்டுப் போனேன். கையைக் காட்டவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். கேட்கவில்லை.

பவுடர் அவரை ஏமாற்றவில்லை. ஒரு பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு ஹரிப்பிரியா கொண்டுவந்த என் மூன்று வார வரைபடத்தைப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"வெயில்ல நீங்க போகவே இல்லையே. அப்ப தடிப்பு ஏன் வருது? அலுப்பு வேற இருக்குங்குறீங்க" என்றார்.

"வெயில் காரணம் இல்லன்னா நோய் உள்ளேர்ந்து கிளம்புதுன்னு அர்த்தம். அடுத்தது கிட்னிக்குப் போகலாம். ஏப்ரல் பதிமூணு வாங்க. ரத்தம், யூரின் எல்லாம் பாத்துட்டுப் பெரிய மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

"பெரிய மாத்திரைன்னா?"

"அது சாப்பிடுற வரைக்கும் கர்ப்பம் கூடாதும்மா. ரெண்டு வருஷமாவது ஆகும்."

முப்பத்தாறும் இரண்டும் எத்தனை என்று கோமதிநாயகம் சாரைக் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் அடைக்கலத்திடம், "எப்பவும் போலத்தான், பதிமூணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஒரு நட்டு லூசாக இருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பிக்குச் சர்க்கரை எடுக்கப் போனார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை. கோயிலில் நல்ல கூட்டம். நாத்தனார் அமலா பக்கத்தில் வந்து முழங்கால் போட்டவள், பாதி மன்றாட்டில் காதைக் கடித்தாள்: "என்ன அண்ணி, விசேஷம் ஏதும் உண்டா?"

"இன்னைக்கு ஆண்டவர் செத்த நாளு. இன்னைக்காவது என்னை விடு" என்றேன். முன்வரிசையில் இருந்த கிழவர் திரும்பி முறைத்தார்.

இன்று ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. எதற்காக என்று ஆண்டவருக்குத் தெரியும். பத்துக் கட்டளைகளையும் யோசித்துப் பார்த்தேன். டாக்டரிடம் கையை மறைப்பது எந்தக் கட்டளையில் வரும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். புதுச் சேலைக்கும் முழுக்கை ரவிக்கை. பச்சை. இந்தப் பச்சையைப் பார்க்கவே இப்போது பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காருக்கு வருடாந்திர எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். வழக்கமாகக் கொண்டுபோகிற டிரைவருக்குக் காய்ச்சல். "பிலோமினா, நீயே ஒரு எட்டு போயிட்டு வந்துரும்மா" என்று சிங்காரவேலு அண்ணன் சாவியைத் தூக்கிப் போட்டார். வகுப்புகளை ரத்து செய்துவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வண்டிகள் வால் மாதிரி நின்றன. ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பத்து ஐம்பதுக்குக் கையில் விர்ர். திடுக்கிட்டு, குளவிதான் கொட்டிவிட்டது என்று கையை உதறினேன். ஐந்து நிமிடத்தில் இன்னொரு விர்ர். போனைப் பார்த்தால் சிவப்பு!

ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட வாய் திறக்காத சனியன், நிற்கிற காரில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக் கத்துகிறது. ரிப்பேர் ஆகிவிட்டது போல. திங்கட்கிழமை ஹரிப்பிரியாவிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

அட மடச்சி! அட மடச்சி மடச்சி! எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் கோமதிநாயகம் சார் ஓட்டிக்கொண்டிருந்தார். தில்லைநகர் பக்கம், பத்தரை மணி வெயில். போனைப் பார்த்தேன், பச்சை. நேற்று இதே நேரம், இதே கார், இதே வெயில், சிவப்பு. ரிப்பேர் என்றால் இன்றும் கத்த வேண்டுமே? நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். நேற்று நான் ஓட்டினேன். இன்று அவர் ஓட்டுகிறார்.

குனிந்து என் கைகளைப் பார்த்தேன். பட்டை கட்டிய வலது கை மடியில், ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில், காரின் நட்டநடுவில், குளுகுளுவென்று நிழலில் கிடக்கிறது. இடது கை ஜன்னலில். முழங்கை முதல் விரல் வரை வெயில் காய்கிறது. இடது கன்னம், இடது காது, இடது கழுத்து, எல்லாம் வெயிலில்.

பதினொரு வருடமாக இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மனசு ஒருநாளும் அங்கே உட்கார்ந்தது கிடையாது. ஓட்டுகிறவர் காலும் கையும் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். "ஜன்னல் பக்கத்துக் கை வலது கை, சிக்னல் காட்டுற கை வலது கை" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். ஹரிப்பிரியா கேட்டதும் நான் எந்தச் சீட்டில் உட்காருகிறேன் என்றுகூட நினைக்கவில்லை. டிரைவர் கையை நீட்டிவிட்டேன்.

கொடுத்த வாக்கை மீறிப் பட்டையைக் கழற்றி இடது கையில் கட்டினேன். புத்தூர் நாலு ரோடு சிக்னல் வருவதற்குள் விர்ர்ர்! நான் போட்ட கூச்சலில் சார் பயந்து கிளட்ச், பிரேக் இரண்டையும் சேர்த்து மிதித்துவிட்டார். வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "யம்மா, சொல்லித் தர்றது நீயா அவரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"என்ன மேடம் ஆச்சு? எதையாவது இடிச்சுட்டேனா?"

"இல்ல சார். வெயிலு சார்! வெறும் வெயிலு!"

அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சார் கைக்குட்டையை நீட்டினார். வெயில்தான் காரணம் என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்தத் திருச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உள்ளேயிருந்து எதுவும் கிளம்பவில்லை. வெளியிலிருந்து வந்தது. வெளியே நிறுத்தினால் நின்றுவிடும். நின்றுவிட வேண்டும், மாதாவே.

ஏப்ரல் 11, சனி

நேற்று மாலை அடைக்கலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை சிவப்பு. கிரீமை விட்டது, பவுடர் பூசியது, பெரிய மாத்திரை, இரண்டு வருடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கை தெரியும். இந்தக் காந்தல்ல மூணு வாரமா வீட்டுக்குள்ளயும் முழுக்கைச் சட்டையோட திரியுற. எனக்குக் கண்ணு இல்லையா பிலோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

பனியனின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார்: "கேட்டா நீ ஆமான்னு சொல்லுவ. சொல்லிட்டா டாக்டர்கிட்டப் போகணும். போனா புள்ளை இல்லைன்னு ஆயிரும். எனக்கும் பயம்தான்."

இத்தனை நாளும் நான் ஒருத்திதான் திருடி என்று நினைத்துக் குறுகிப்போயிருந்தேன். இந்த வீட்டில் இரண்டு திருடர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம். பிறகு ரவையைக் கிண்டிச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 13, திங்கள்

அடைக்கலம் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். டாக்டர் அறைக்குள் நுழைந்த உடனே இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்தேன். வலது கை வெள்ளை. இடது கை தக்காளி. எந்தச் சீட்டில் உட்காருகிறேன் என்று சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன்.

டாக்டர் மெஹருன்னிசா முதலில் ஒரு பாட்டம் திட்டினார். "படிச்சவங்கதானே? நான் என்ன போலீஸா, எங்கிட்ட மறைக்க?" வாங்கிக்கொண்டேன். அடைக்கலமும் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அவர் பங்கை வாங்கிக்கொண்டார்.

பிறகு காலையில் கொடுத்த ரத்தம், சிறுநீர் முடிவுகளைத் திறந்தார்.

"கிட்னிக்கு ஒண்ணும் ஆகல. யூரின்ல புரதம் போகல. ரத்தமும் நல்லாத்தான் இருக்கு. இது தோலோட நின்னிருக்கு."

"பெரிய மாத்திரை?"

"இப்ப வேண்டாம். ஆனா கணக்கு திரும்ப இன்னைலேர்ந்துதான். நாலு மாசம் இந்தத் தோல் அமைதியா இருக்கணும். இந்தத் தடவை நெசமான பச்சை வேணும் எனக்கு."

வெளியே ஹரிப்பிரியா முகம் வெளுத்து நின்றாள். "அக்கா, எந்த சீட்டுன்னு நான் கேட்டிருக்கணும்." "நீ சரியாத்தான் கேட்டம்மா, நான்தான் அடுத்தவங்க கையை நீட்டிட்டேன்" என்றேன். அவள் அங்கேயே படிவத்தில் ஒரு வரி சேர்த்தாள். ஆராய்ச்சியில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் இன்றே போன் போட்டு, நாள் முழுக்க எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று கேட்கப் போகிறாளாம்.

ஏப்ரல் 22, புதன்

உண்மையான பட்டையோடு வாழ்வது லேசு இல்லை. ஒன்பதே காலுக்கெல்லாம் கத்துகிறது. மாமியார் மாதிரி.

சிங்காரவேலு அண்ணனிடம் பேசினேன். ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை ஐந்துக்கு மேல், இந்த இரண்டு வேளையும்தான் நான் ரோட்டில் இறங்குவேன். பகலில் அறைக்குள் சாலைக் குறியீடு, எல்.எல்.ஆர். பரீட்சைக்குப் பாடம். "ஆளுங்க குறைஞ்சுருவாங்களேம்மா" என்று இழுத்தார். "அண்ணே, நான் மொத்தமா நின்னுட்டா?" என்றதும் சரி என்றார்.

ஸ்கூட்டிப் பெண்கள் போடுகிற நீளக் கையுறை ஒன்று வாங்கினேன். கிரீம் மூன்று வேளை. கண் எரிந்தால் எரியட்டும்.

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மஞ்சள்.

மே 6, புதன்

பச்சை. நிஜப் பச்சை, இடது கையில்.

மே 23, சனி

கோமதிநாயகம் சாருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது! எட்டு போட்டு முடித்துக் காலை ஊன்றாமல் இறங்கினாராம். காலை ஊன்றக் கூடாது என்பது பைக்குக்குத்தானே என்று கேட்டேன். "ஒரு சந்தோஷத்துல சொல்றேன் மேடம், விடுங்க" என்றார். ஜிலேபி கொடுத்தார். முழங்கையில் திட்டு மங்கிவிட்டது, விரலால் தடவினால்தான் தெரிகிறது.

ஜூன் 19, வெள்ளி

இன்று மாலை பாலக்கரையில் ஆட்டோக்காரர் ஒருவர், "என்னக்கா, கதவைத் தட்டவே மாட்டேங்குறீங்க, கோவமா?" என்று கேட்டார். ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன்.

தோல் சுத்தம். அலுப்பு இல்லை. அடைக்கலம் காலண்டரில் எதுவும் குறிப்பதில்லை, ஆனால் தாள் கிழிக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஜூலை 30, வியாழன்

இன்னும் பன்னிரண்டு நாள். ஆசைப்படவே பயமாக இருக்கிறது. பயப்படாமலும் ஆசைப்பட முடியவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இதை மாலை ஆறு மணிக்கு, குளித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

ஸ்கூல் காரையே கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். அடைக்கலத்துக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் மூன்று வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டு நான்தான் கும்பிடு போட்டேன்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். நான்கு மாத வரைபடம், ரத்தம், சிறுநீர், ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அந்த ஃபேன் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் அடுக்கி ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. வழக்கமான மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, அது குழந்தைக்கும் நல்லதுதான். மத்தபடி..." என்று அடைக்கலத்தைப் பார்த்தார். "இனிமே என் வேலை முடிஞ்சுது. உங்க ரெண்டு பேர் வேலைதான் பாக்கி. போய்ட்டு வாங்க."

ஐம்பது டன் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற மனிதர், காது நுனி வரை சிவந்துபோனார். எழுந்து நின்று டாக்டருக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னார். கதவை இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளினார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகை, அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. முப்பத்தாறு வயதில் எனக்கு இது கிடைக்கும் என்று நான் நம்பவே இல்லை. நம்பியதாக எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அது பொய்.

"சரி, வண்டிய எடு" என்று கண்ணைத் துடைத்தார்.

கிளட்சை விட்டேன். வண்டி உதறிக்கொண்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி நின்றது. பதினொரு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாதம், கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. மூன்றாவது தடவையும் நின்றதும் பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. பார்க்கிங் பார்க்கிறவர் ஓடிவந்தார். காரின் தலையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்தார், முன்னால் ஒட்டியிருந்த சிவப்பு எல் எழுத்தைப் பார்த்தார், அழுது வீங்கிய என் மூஞ்சியைப் பார்த்தார். அவருக்குப் பாவமாகிவிட்டது.

"பயப்படாதம்மா, மெதுவா எடு. புதுசா கத்துக்கிறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இடப்பக்கத்துச் சீட்டிலிருந்து அடைக்கலம் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஆமாண்ணே. இன்னைக்குத்தான் மொத நாளு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

முறைத்தேன். நாலாவது தடவை வண்டி கிளம்பியது.